சென்சஸ்: எண்ணுவதா, மதிப்பதா?

"2011 சென்சஸில் புதுச்சேரிக்கு 12,47,953 பேர்னு போட்டிருக்கான், ஓட்டர் லிஸ்ட்ல ஏன் சார் அவ்வளவு பேர் இல்ல?" என்று நெல்லித்தோப்பு டீக்கடையில் ஒருவர் கேட்டார். சொல்லைப் பிரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

சென்சஸ் இலத்தீன் சொல், வேர் 'சென்செரே', மதிப்பிடுதல் என்று பொருள். பழைய ரோமில் வெறுமனே தலையை எண்ணவில்லை, யாருக்கு எவ்வளவு சொத்து, என்ன வரி, படையில் எந்த வரிசை என்று மதிப்புப் போட்டார்கள், அதைச் செய்த அதிகாரிக்குப் பெயர் சென்சார். (ஆமாம், சினிமாவை வெட்டுகிற அதே சென்சார்தான்.)

தமிழில் 'மக்கள்தொகை' என்று மட்டும் எழுதுவது தப்பு, அது கிடைக்கிற எண். எடுக்கிற வேலை 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு'. சரியான சொல்தான், ஆனால் நீளம். இலங்கையில் 'தொகைமதிப்பு' என்கிறார்கள். இலத்தீன் வேரில் இருக்கிற 'மதிப்பு' அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்.

'குடிக்கணக்கு' என்றும் சொல்லலாமே என்பார்கள். குடியிருப்பவரும் குடி, குடிமகனும் குடி, சிக்கலே அங்கேதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு வந்த 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் புதுச்சேரியில் இருக்கின்றன. சென்சஸ் அவர்களையும் எண்ணும், நம் வாக்காளர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை, அவர்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறவர்கள்.

அப்புறம் வயது. 61வது சட்டத்திருத்தம் வந்து 1989 முதல் 21 என்பது 18 ஆனது, அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சென்சஸில் உண்டு, பட்டியலில் கிடையாது. 2011இல் மூன்று வயதுக் குழந்தைக்கு 2026இல் 18, ஆக அந்தப் பழைய வயது அட்டவணையை வைத்தே வாக்களிக்கத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று ஓரளவு போட்டுவிடலாம், நடுவில் இறந்தவர்களைப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக் கழிக்க வேண்டும். வெளியூர் போனவர், வந்து சேர்ந்தவர் கணக்குத்தான் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக மாட்டாது. 2021 சென்சஸ் தள்ளிப் போனதால் இந்த இடைவெளி இன்னும் பெரிசு.

கேட்டவரே கடலூர்க்காரர், பத்து வருஷமாக நெல்லித்தோப்பில் வாடகைக்குக் குடியிருக்கிறார். அடுத்த சென்சஸ் அவரைப் புதுச்சேரியில்தான் எண்ணும். ஓட்டு எங்கே சார் என்றேன். "அது ஊர்லயே கிடக்கு" என்றார்.