ரெஸ்டெனோசிஸ்: மீள்குறுக்கம்

இதயத் தமனியை விரித்து வைக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்து, மாடிப்படி ஏறும்போது பழையபடி நெஞ்சு இறுகுகிறது. ஆஞ்சியோகிராம் அறிக்கையில் 'இன்-ஸ்டென்ட் ரெஸ்டெனோசிஸ்' என்று இருக்கிறது. "திரும்பவும் அடைத்துக்கொண்டதாம்" என்கிறார்கள் வீட்டார். அந்த 'அடைப்பு' எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது.

'ஸ்டெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறுகலானது என்று பொருள். சுருக்கெழுத்தாளரை 'ஸ்டெனோ' என்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். மறுபடி என்னும் பொருளுடைய 'ரெ' லத்தீன் முன்னொட்டு. சொல்லுக்குள் அடைப்பே இல்லை, குறுகுதல்தான் இருக்கிறது.

இதற்குத் தமிழில் 'குறுக்கம்' போலப் பொருந்தும் சொல் வேறில்லை. இலக்கண வகுப்பில் படித்த ஐகாரக்குறுக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐ, 'தலை' என்னும் சொல்லின் கடைசியில் ஒரு மாத்திரையே ஒலிக்கிறது. ஒலி மறையவில்லை, அளவு குறைந்திருக்கிறது. குறுகிய தமனியிலும் ரத்தம் ஓடுகிறது, அளவு குறைந்து. 'சுருக்கம்' என்று எழுதினால் தமனியின் தசை இறுகித் தளர்வதோடு குழம்பிவிடும்.

'மீள்' என்ற அடை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். பலூன் மட்டுமே இருந்த காலத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி குறுகியது. விரிந்த சுவர் பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு காரணம். பலூன் அழுத்திய காயம் ஆறும்போது உட்சுவரின் திசு தேவைக்கு மேல் வளர்வது இன்னொன்று. 1986இல் மனிதரின் இதயத் தமனிக்கு வந்த ஸ்டென்ட், சுவர் திரும்புவதைத் தடுத்தது. திசுவோ வலைக்கண்களின் வழியே வளர்ந்தது. பிறகு அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்தும் சிரோலிமஸ் போன்ற மருந்துகளை ஸ்டென்டின் மேல் பூசினார்கள். சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. மருந்து பூசிய ஸ்டென்டில் மீள்குறுக்கம் பொதுவாகப் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நீரிழிவு உள்ளவர்களுக்கும் மெல்லிய தமனிகளிலும் வாய்ப்பு கூடுதல்.

ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியாக உறைந்துவிடுவது முற்றிலும் வேறு. அதற்கு 'ஸ்டென்ட் உறைவு' என்ற சொல் பொருந்தும். மீள்குறுக்கம் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வருகிறது. உறைவு திடீரென்று வந்து மாரடைப்பாக முடியக்கூடியது. மருத்துவரைக் கேட்காமல் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை நிறுத்துவது இந்த உறைவுக்குத்தான் வழிவிடுகிறது. இரண்டையும் 'அடைப்பு' என்றே சொன்னால், அந்த மாத்திரை எதற்கு என்பதே நோயாளிக்குப் புரியாமல் போகிறது.

ஸ்டென்ட் நன்றாக இருக்க, வேறொரு தமனி குறுகுவதும் உண்டு. அங்கே 'மீள்' என்ற அடைக்கு இடமில்லை, அது புதுக்குறுக்கம்.