கையெழுத்து இருக்கிறது, மறுபயன் எங்கே?

"முத்திரைத்தாள்ல எழுதி, ரெண்டு சாட்சியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். இனிமே அண்ணன் எப்படி மாத்திப் பேச முடியும்?" என்று கேட்டபடி ஒரு பெண்மணி அந்தத் தாளை என் மேசையில் விரித்தார். 'தங்கையின் மேலுள்ள பாசத்தினால்' ஒரு தொகையைத் தருவதாக அண்ணன் எழுதிக் கொடுத்தது. தொழில் நொடித்ததும் தர முடியாது என்றுவிட்டார்.

"இதற்காக நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள், எதையாவது விட்டுக்கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லையே சார். அவரா எழுதிக் கொடுத்தார்."

சிக்கல் அங்கேதான். மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. வாக்குக் கொடுப்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒருவர் ஒன்றைச் செய்வது, செய்யாமல் விடுவது, அல்லது அப்படிச் செய்வதாகச் சொல்வது, இதுதான் மறுபயன். அது பணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முத்திரைத்தாள் அரசுக்குக் கட்டிய வரிக்கு அடையாளம், அவ்வளவுதான். மறுபயன் இல்லாத குறையை அது தீர்க்காது. பாசத்துக்காகத் தரும் வாக்கையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் நெருங்கிய உறவினருக்குள் எழுதி, பதிவும் செய்திருக்க வேண்டும். இந்தத் தாள் பதிவாகவில்லை.

எழுந்து போகும்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். அண்ணன் தொழில் தொடங்கிய காலத்தில் நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் கணக்கு வழக்கைப் பார்த்தது இவர்தானாம். தானாக முன்வந்து ஒருவர் செய்த உதவிக்கு ஈடு தருவதாகப் பின்னால் சொல்லும் வாக்கு, மறுபயன் இல்லாமலேயே செல்லும்; பதிவும் தேவையில்லை. அதே 25-ஆவது பிரிவுதான் இதையும் சொல்கிறது. 'அந்த உழைப்புக்கு ஈடாக' என்று ஒரு வரி தாளில் இருந்திருந்தால் அவருடைய வழக்குக்குப் பிடிமானம் கிடைத்திருக்கும். இருந்ததோ பாசம் மட்டும். எனக்கு இன்றும் மனதை உறுத்தும் தாள் அது.

நன்கொடை வாக்குறுதியிலும் இதே கேள்விதான் எழும். ஹௌராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்ட ஒருவர் பிறகு மறுத்தார். 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. கையெழுத்திட்டவர்களை நம்பித்தான் கட்டட வேலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். மசூதியைப் பழுதுபார்க்க 500 ரூபாய் தருவதாக ஒருவர் சொன்ன வழக்கில், 1914-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தத் தொகையைக் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வாக்கை நம்பி அங்கே எந்த வேலையும் நடந்திருக்கவில்லை. நோக்கம் எவ்வளவு நல்லது என்பதை வைத்து இந்த இரண்டும் முடிவாகவில்லை.

மறுபயன் குறைவு என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் மிகவும் குறைவாக இருந்தால், சம்மதம் மனமுவந்து தரப்பட்டதா என்று பார்க்கும்போது நீதிமன்றம் அதையும் கணக்கில் எடுக்கும்.

பலர் இடறி விழுவது பழைய கடனில். கைக்கடனுக்காக வழக்குப் போடப் பொதுவாகக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். அது முடிவதற்குள் 'பாக்கி இருக்கிறது' என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டாலே காலம் புதிதாகத் தொடங்கும். முடிந்த பிறகு அந்த வாசகம் போதாது. 'தருகிறேன்' என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்த வாக்குக்குப் புது மறுபயன் தேவையில்லை. ஒரு சொல்லில் வழக்கு நிற்கும் அல்லது விழும். அதனால்தான், தேதியைப் பார்க்காமல் இப்படிப்பட்ட கடிதத்தை நான் எழுதித் தருவதில்லை.

புரோநோட்டில் நிலைமை தலைகீழ். மறுபயன் கைமாறியது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பணம் வாங்கவில்லை என்றால், அதைக் காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. "நம்ம ஆளுதானே" என்று நம்பி, தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, சம்மன் வந்த பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது வங்கிக் கணக்கு விவரத்தை. அந்தத் தேதியில் பணம் வரவில்லை என்று காட்ட முடிந்தால் எதிர்வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். ரொக்கமாகக் கொடுத்தேன் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அவ்வளவு பணம் அன்று அவரிடம் இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் கேட்போம்.