ரயில் வந்தாலும் சாலை காலியாகாது

புறநகரிலிருந்து நகருக்குள் வரும் பிரதான சாலை. காலை எட்டு மணிக்கு ஒரு பக்கம் வண்டிகள் ஊர்கின்றன, எதிர்ப்பக்கம் காற்று வாங்குகிறது. மாலையில் அப்படியே தலைகீழ். இந்த வழித்தடத்தில் மெட்ரோ விடலாமா, பேருந்துக்குத் தனி லேன் ஒதுக்கலாமா, இருக்கிற ரயிலையே கூடுதலாக ஓட்டலாமா என்று பார்க்க ஓர் ஆய்வு தொடங்கும். நோக்கம் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி பெரும்பாலும் 'சாலை நெரிசலைக் குறைப்பது' என்றிருக்கும். வம்பு அந்த முதல் வரியிலேயே ஆரம்பிக்கிறது.

நெரிசல் ஒரே சீராக ஏறுவதில்லை. 1964-இல் அமெரிக்கப் பொதுச்சாலைகள் துறை வெளியிட்ட ஒரு சூத்திரம் இன்றும் போக்குவரத்து மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வரும் வண்டிகளைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து, விடையை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15-ஆல் பெருக்க வேண்டும். பயண நேரம் எந்த அளவு கூடும் என்பது கிடைத்துவிடும். பாதி நிரம்பிய சாலையில் தாமதம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. முழுதாக நிரம்பினால் 15 சதவீதம். கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு வண்டிகள் வந்தால் 76 சதவீதம். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு வண்டியை மட்டும் எடுத்துவிட்டால் 76 என்பது 50 ஆக இறங்குகிறது. பத்து சதவீத வண்டிகள் விலகினாலே தாமதத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இது வெறும் கணக்கு இல்லை. 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பொதுப் போக்குவரத்து ஊழியர்கள் 35 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கார்களின் ஊர் என்றே பெயரெடுத்த நகரம் அது. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் அந்த நாட்களில் விரைவுச்சாலைத் தாமதம் சராசரியாக 47 சதவீதம் கூடியது என்று பொருளியலாளர் மைக்கேல் ஆண்டர்சன் கணக்கிட்டார். பேருந்துப் பயணிகள் பெரும்பாலும் நெரிசல் மிகுந்த தடங்களில்தான் பயணம் செய்கிறார்கள். அவர்களில் சிலர் காரை எடுத்தாலே சாலை திணறிவிடும்.

அப்படியானால் ரயில் விட்டால் நெரிசல் குறையத்தானே வேண்டும்? முதல் சில மாதங்கள் குறையலாம். பிறகு சாலை பழையபடி நிரம்பும். நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே கிளம்பிக்கொண்டிருந்தவர் எட்டு மணிக்கு மாறுகிறார். சுற்றுவழியில் போனவர் நேர்வழிக்கு வருகிறார். வீட்டிலேயே இருந்துவிட்டவர் வண்டியை எடுக்கிறார். இன்னும் சில ஆண்டுகளில், 'இப்போதுதான் சீக்கிரம் போய்விடலாமே' என்று இன்னும் தள்ளி வீடு வாங்குகிறவர்கள் வந்து சேர்கிறார்கள். உச்ச நேர விரைவுச்சாலைகள் இப்படித்தான் நிரம்பும் என்று பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார். அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்து டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறார். நெடுஞ்சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் தூரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் அந்தத் தூரம் குறைந்ததற்குத் தடயம் இல்லை. வேலைநிறுத்தம் காட்டியது சில வாரங்களின் கதை. இது பல ஆண்டுகளின் கதை. இரண்டும் உண்மை.

ஆகவே கேட்க வேண்டியது 'சாலை காலியாகுமா' என்பதல்ல, 'இந்தத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கலாம்' என்பதுதான். சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் ஒரு லேன் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்களைக் கடத்தும். காருக்கு 1.2 பேர் என்று வைத்தால் 2,400 பேர். அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் 3,600 பேர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேருந்து லேன் பெரும்பாலான நொடிகளில் வெறுமையாகத்தான் தெரியும். பக்கத்து லேனில் மாட்டிக்கொண்டவர் அதைப் பார்த்து, இடத்தை வீணடிக்கிறார்களே என்று பொருமுவார்.

இனி ஆய்வின் உள்ளே போவோம். வழக்கமான முறைக்கு நான்கு படிகள்: எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பயணங்கள் கிளம்புகின்றன, அவை எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்த வழியாகப் போகின்றன. இரண்டாவது படிக்கு நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்ற ஒரு சமன்பாடு உதவுகிறது. வேலைகள் நிறைந்த இடம் பயணங்களை இழுக்கும், தூரம் அந்த இழுப்பைக் குறைக்கும். ஆனால் ஆய்வின் உயிர் மூன்றாவது படியில், காரா ரயிலா என்ற தேர்வில் இருக்கிறது.

மக்களிடம் போய் 'ரயில் வந்தால் ஏறுவீர்களா' என்று கேட்டால் நம்பக்கூடிய பதில் கிடைக்காது. சொல்லிவிடுவதற்குக் காசா பணமா? 1970-களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு 'பார்ட்' என்ற விரைவு ரயில் வந்தபோது, வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகாரபூர்வ மதிப்பீடு. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் வேறு வழியில் போனார். ரயில் வருவதற்கு முன்பே சில நூறு பயணிகள் காரையும் பேருந்தையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு நிமிடக் காத்திருப்புக்கும் ஒரு நிமிட நடைக்கும் அவர்கள் மனம் வைத்திருக்கும் விலையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து அவர் கணித்தது 6.3 சதவீதம். கடைசியில் ஏறியவர்கள் 6.2 சதவீதம். இந்த முறையை உருவாக்கியதற்காக 2000-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 'விலை'தான் இந்தத் துறையின் மையம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகவே தெரிகிறது. நிறுத்தத்தில் நிற்கும் நிமிடமோ ஏறத்தாழ இரண்டு நிமிடமாகக் கனக்கிறது. அந்தக் காத்திருப்பும் அட்டவணையில் இருப்பதுபோல் இருப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம்தான். ஆனால் தாமதமாக வரும் பேருந்துக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்குவதில் அது இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்குக் கூட்டம் இல்லாததால் அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டிரண்டாக வரத் தொடங்கினால் மணிக்கு ஆறு பேருந்து என்ற எண்ணிக்கை மாறாது, சராசரிக் காத்திருப்பு மட்டும் பத்து நிமிடமாகிவிடும். 'வந்தால் மொத்தமாக வரும்' என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது ஓட்டுநர்களின் சோம்பல் அல்ல, இந்தக் கணிதம்.

நிலையங்களின் இடைவெளியிலும் இதே இழுபறிதான். 20 கிலோமீட்டர் தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பதை இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக மாற்றினால் பத்து நிறுத்தங்கள் குறையும். பிரேக் போட்டு, நின்று, மீண்டும் வேகமெடுக்க நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் தடத்தை ஒட்டி நடக்கும் சராசரித் தூரம் 250 மீட்டரிலிருந்து 500 மீட்டராகிறது; வீட்டுப் பக்கம் மூன்று நிமிடம், வேலையிடத்துப் பக்கம் மூன்று நிமிடம் கூடுகிறது. கடைசிவரை போகிறவருக்கு லாபம், நான்கு நிலையம் தள்ளி இறங்குகிறவருக்கு நஷ்டம். எல்லாரையும் திருப்திப்படுத்தும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. யாருக்காக இந்த ரயில் என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும்.

கணிப்புகளை எவ்வளவு நம்பலாம்? பெரிய திட்டங்களின் கணிப்புகளை ஆராயும் பெண்ட் ஃப்ளிவ்பியர்க்கின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது ரயில் திட்டங்கள் பயணிகள் எண்ணிக்கையை மிகைப்படுத்தியிருந்தன. உண்மையில் வந்தவர்கள், சராசரியாகக் கணிப்பில் பாதிக்கும் குறைவு. சூத்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் எண்ணம். கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஓட்டினால் எந்தச் சூத்திரம் காப்பாற்றும்? பயணிகள் கூடினால் வண்டிகளை அதிகம் விடலாம், வண்டிகள் கூடினால் காத்திருப்பு குறைந்து பயணிகள் இன்னும் கூடுவார்கள் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் காட்டினார். இந்தச் சக்கரம் பின்னோக்கியும் சுழலும். கூட்டம் இல்லை என்று சேவையைக் குறைத்தால், இருக்கிற கூட்டமும் போய்விடும்.

ஒத்திசைந்த இன்னொரு முடிவுக்கு டவுன்ஸ்–தாம்சன் முரண் என்று பெயர். நெரிசல் மிகுந்த தடத்தில் காரின் வேகத்தை நிர்ணயிப்பது சாலையின் அகலம் அல்ல, பக்கத்தில் ஓடும் ரயிலில் வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் இடத்தின் வாசல் வரை, நடையும் காத்திருப்பும் சேர்த்து, எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதுதான். ரயிலில் போனால் மொத்தம் ஐம்பது நிமிடம் என்றால், காரில் ஐம்பதைத் தாண்டும்போது சிலர் ரயிலுக்கு மாறுவார்கள், குறையும்போது திரும்புவார்கள். ரயிலின் ஐம்பதை நாற்பதாக்கினால் காரும் நாற்பதை நோக்கி நகரும். சாலை அப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

கடைசியாக அந்த எதிர்ப்பக்கம். காலையில் நிரம்பி வழிந்து நகருக்குள் போன ரயில், திரும்பும்போது வெற்று இருக்கைகளோடு வருகிறது. மாலையிலும் அப்படியே. மின்சாரமும் ஊழியர் சம்பளமும் இரண்டு திசைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆக, தடத்தின் புறநகர் முனையில் ஒரு மருத்துவமனையோ கல்லூரியோ அலுவலக வளாகமோ வந்தால், கூடுதலாக ஒரு ரயில்கூட வாங்காமல் பயணிகள் கூடுவார்கள். இது தண்டவாளம் போடுகிறவர்களின் கையில் இல்லை, நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிறவர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் ஆய்வுக் குழுவின் மேசையில் இருப்பதே இல்லை.