‘துணை உதை’ அல்ல, முழக்கவாங்கி

ஒலிப்பதிவு கற்றுத்தரும் காணொளி ஒன்றின் தமிழ் வசனவரியில் ‘துணை உதை ஒலிவாங்கி’ என்று வந்தது. இது எனக்கு மூன்றாவது முறை. முதல் முறை ஏதோ கைப்பிழை என்று விட்டேன். இரண்டாவது முறை எரிச்சல் வந்தது. இனியும் சும்மா இருந்தால் அதுவே நிலைத்துவிடும்.

சொல்ல வந்த பொருள் சப்கிக். டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் ‘கிக்’ என்ற பெரிய டிரம்மின் அடி ஒலியை, அதாவது தாழ்ந்த பேஸ் ஒலியைப் பிடிக்க, ஒரு ஸ்பீக்கரையே மைக்காக்கி அதன் முன்னால் நிறுத்துவார்கள். யமஹா நிறுவனம் ஆறரை அங்குல ஸ்பீக்கரைப் பத்து அங்குல டிரம் கூட்டுக்குள் பொருத்தி இந்தப் பெயரில் விற்றது. அதற்கு முன்பே, 1978-இல் வந்த என்எஸ்-10 ஸ்பீக்கர் பெட்டியின் வெள்ளைக் கூம்பைக் கழற்றி ஒலிப்பதிவாளர்கள் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1966-இலேயே பீட்டில்ஸ் இசைக்குழுவின் பேஸ் கித்தாரை ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் இப்படி ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மைக்ரோஃபோன் என்பதில் இருப்பவை ‘சிறிய’, ‘ஒலி’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள். 1827-இல் இயற்பியலாளர் வீட்ஸ்டன் இந்தப் பெயரை வைத்தது மின்சாரமே இல்லாத, காதில் வைத்துக் கேட்கும் ஒரு கருவிக்கு. 1878-இல் கண்டுபிடிப்பாளர் ஹியூஸ் செய்த, ஒலியை மின்சாரமாக்கும் கரித்துண்டுக் கருவிக்குப் பிறகுதான் இன்றைய பொருள் ஒட்டிக்கொண்டது. நாம் ‘சிறு’வையும் ‘ஒலி’யையும் அப்படியே பெயர்க்காமல், கருவி செய்யும் வேலையைப் பார்த்து ஒலிவாங்கி என்றோம். அருமையான சொல். அதே நிதானம் சப்கிக்குக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று என்பதுதான் என் கேள்வி.

‘சப்’ என்றால் ‘துணை’ என்று அகராதியில் இருக்கும், சரி. துணைக்குழு, சார்பதிவாளர் என்று பதவிக்கும் அமைப்புக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த முன்னொட்டின் முதல் பொருள் ‘அடியில்’ என்பது. சப்மரீனை நாம் துணைக்கடல் என்று சொல்லவில்லை, நீர்மூழ்கி என்றோம். சப்வேயைத் துணைவழி என்று சொல்லவில்லை, சுரங்கப்பாதை என்றோம். அந்த நாள் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடினார்கள். இன்று வசனவரி எழுதுபவர்களில் பலர் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சப்கிக்கில் உள்ள சப், ஒலியின் அடித்தட்டைச் சொல்கிறது. 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம், காதை விட நெஞ்சில் உணர்கிறோமே, அந்தப் பகுதி.

அப்புறம் ‘உதை’. டிரம் வாசிப்பவர் எதையும் உதைப்பதில்லை. மிதிக்கிறார், மிதிக்கட்டையின் மறுமுனையில் உள்ள மட்டை போய் அடிக்கிறது. மிதிவண்டியை உதைவண்டி என்று யார் சொல்கிறார்கள்? மிதிமுரசு என்றால் வேலை முடிந்தது.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. புதிதாக டிரம் கற்கும் ஒரு பையன், இரண்டாவது மிதி ஒன்று கட்டாயம் வாங்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டான். விசாரித்தால், ‘துணை உதை’ என்பதை இரட்டை மிதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் பொருள் வரும்.

‘தலைகீழ் ஒலிபெருக்கி’ என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் ஒலிபெருக்கி என்ற சொல்லே ஏற்கெனவே தடுமாறி நிற்கிறது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் மின்னலையை ஒலியாக்குகிறது, அவ்வளவுதான். மொத்தத்துக்கும் சேர்த்து மைக் செட் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஒலிபெருக்கியைத் தலைகீழாக்கினால் ‘ஒலிகுறைக்கி’ என்றல்லவா பொருள் வரும்?

உண்மையில் நடப்பது என்ன? உடைந்த பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் கம்பியைப் பற்றவைத்து, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் செருகி, காகிதக் கூம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டினேன். மீட்டர் துள்ளியது. காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். டைனமிக் மைக்கிலும் இதே அமைப்புதான். ஸ்பீக்கரின் கூம்பு கனமானது என்பதால் மேல் ஒலிகளின் வேகத்துக்கு அசையாது. மிதிமுரசின் முன் வைத்துக் கேட்டபோது ‘டக்’ போய்விட்டது, ‘தொம்ம்’ மட்டும் நின்றது. அதை வழக்கமான மைக்கோடு சேர்த்தேன், அடி ஒலி கூடுவதற்குப் பதில் மெலிந்தது. முரசின் காற்று தள்ளும்போது கூம்பு பின்னால் போகிறது, அதனால் ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் கழித்தல் மின்னழுத்தம் பிறக்கிறது. வழக்கமான மைக்குக்கு இது நேர் எதிர், அதனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அறையே நிறைந்தது.

கூம்பு பின்னால் போகிறது என்றேனே, கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதே அசைவுதான். ஆகவே ‘வாங்கி’ இங்கே இன்னும் பொருத்தம், அதை விடவே கூடாது. முன்னால் என்ன சேர்ப்பது? மந்தம் இசைக்குச் சரியான சொல்தான். ஆனால் ‘மந்தவாங்கி’ என்றால் மந்தமாக வேலை செய்யும் கருவி என்றுதான் படிப்பவர் நினைப்பார். கீழ்த்தானத்தைக் குறித்த பழைய சொல் மெலிவு, அதற்கும் இன்று பொருள் வேறு. ஆனால் அடி ஒலிக்கென்றே தமிழில் ஒரு வினை காலங்காலமாக இருக்கிறது. மணி ஒலிக்கும், குழல் இசைக்கும், இடியும் முரசும் முழங்கும். முழங்குவதை வாங்குவது முழக்கவாங்கி.

அது வாங்குவதோடு நிற்பதில்லை, அடி விழுந்த பிறகு தன் சொந்த அதிர்விலும் கொஞ்சம் நேரம் நீள்கிறதே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். சரியான கவனிப்பு. சாதாரண மைக்கும் அடி ஒலியைப் பிடிக்கும், இந்தக் கனத்த கூம்பின் நீட்சிதான் சப்கிக்கின் தனிச்சுவை. முழக்கம் என்ற சொல்லுக்குள் அந்த நீட்சியும் அடக்கம் என்பேன்.

மிக்ஸரில் ஒட்டும் பட்டையில் இப்போது ‘மிதி’, ‘முழக்கம்’ என்றுதான் எழுதுகிறேன். எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முழக்கவாங்கி என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்து எழுதினால் ‘முழக்க’ என்பதை வினையாகப் படித்துவிடுவார்கள்.