ஒப்படைவு வைக்காவிட்டால் எத்தனை மதிப்பெண் போகும்?

வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் தை, மாசியில் இந்தப் பேச்சு வந்தே தீரும்: “அசைன்மென்ட் வைக்கலைன்னா இன்டர்னல்ல கை வச்சிடுவாங்களாம்மா.” கை வைக்க முடியும்தான். ஆனால் எவ்வளவு வைக்க முடியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது.

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடத்துக்கு 200 என்றிருந்ததை 100 ஆக்கியபோது பள்ளியே போடும் ‘இன்டர்னல்’, அதாவது அக மதிப்பீடு, வந்து சேர்ந்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கு, மறு ஆண்டு பிளஸ் டூவுக்கு. தமிழ், கணக்கு, வணிகவியல் போன்ற செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் எழுத்து 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10.

அந்தப் பத்தில் வருகைப்பதிவுக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. மிச்சம் 2தான் ஒப்படைவுக்கு, அதாவது அசைன்மென்ட்டுக்கு. அதுவும் ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் என்று வழி விட்டிருக்கிறார்கள். கோடு போட்ட தாளில் பத்துப் பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆக, ஒன்றுமே வைக்காத பிள்ளைக்கு ஒரு பாடத்தில் அதற்காகப் போவது 2 மதிப்பெண். “பத்தும் போச்சு” என்று மிரட்டினால் அது கணக்கில் வராத மிரட்டல்.

இரண்டுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 90 மதிப்பெண் பாடத்தில் தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் குறைந்தது 25, மொத்தத்தில் 35 வேண்டும். எழுத்தில் 25 வாங்கியவனுக்கு அக மதிப்பீட்டில் பத்தும் இருந்தால் 35, பாஸ். எட்டு என்றால் 33, பெயில். கரையில் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஒரு தாள்தான் தோணி. ஒப்படைவு வைக்காமல் போகிறவர்களும் பெரும்பாலும் இதே கரைப் பிள்ளைகள்தான். 70 மதிப்பெண் பாடங்களில் எழுத்தில் 15 எடுத்தால் போதும், செய்முறை 20 கைகொடுக்கும் என்பதால் நெருக்கடி கொஞ்சம் குறைவு.

மேலே இருக்கிறவர்களுக்கும் வலி உண்டு. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணக்கு நூறு அப்படியே சேர்கிறது. இயற்பியலும் வேதியியலும் பாதியாகின்றன. கணக்கில் 2 போனால் கட்-ஆஃபில் முழுசாக 2 போகும். அரை மதிப்பெண்ணில் ரேங்க் சறுக்குகிற இடம் அது.

இந்தப் பத்தின் மேல் ஒரு தடவை யாரும் எதிர்பாராத பாரம் ஏறியது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களோடு பிளஸ் டூ செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் சேர்த்து 30 சதவீதம் ஒதுக்கினார்கள். செய்முறை இல்லாத பாடத்தில் பத்துதான் முப்பதாக மாறியது.

நடைமுறை வேறு மாதிரி என்பது வாத்தியார்களுக்கு நன்றாகவே தெரியும். பல பள்ளிகளில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. அப்படித் தாராளமாகப் போட்டுவிட்டு, எதிர்த்துப் பேசிய ஒருவனுக்கு மட்டும் விதியைத் தூசு தட்டி எடுப்பது மதிப்பீடு ஆகாது, பழிவாங்கல். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இன்னும் மோசம்: வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இரண்டும், 75இலிருந்து 80 வரை என்றால் ஒன்றுதான். அங்கே ஒரு வெட்டு, அதே நாட்களில் கேட்ட ஒப்படைவுக்கு இன்னொரு வெட்டு.

என் வகுப்பில் ஒரு பையன் விடியக்காலை நாலு மணிக்குப் பால் பாக்கெட் போடப் போவான். முதல் பீரியடில் கண் சொருகும், ஒப்படைவும் வராது. கடைசியில் வணிகவியலில் நுகர்வோர் பாதுகாப்புப் பாடத்துக்கு, “பாக்கெட் மேல என்னென்ன அடிச்சிருக்குன்னு எழுதிட்டு வாடா” என்றேன். நாலு காலிக் கவரைக் கழுவி, வெட்டி, நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தான். தேதி, விலை, அளவு, உரிம எண் ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி. பக்கத்தைப் புரட்டினால் புளித்த பால் வாடை. இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

சின்ன வகுப்புகளில் இந்தச் சிக்கலுக்கு விதியே இடம் விட்டிருந்தது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறியில் நாலு செயல்பாடு செய்யச் சொல்லி, நன்றாக வந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைத் தவறவிட்ட பிள்ளைக்கு அதனால் எதுவும் குறையாது. மேல்நிலையில் இரண்டே மதிப்பெண்ணுக்கு அந்தத் தாராளம் ஏன் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக மதிப்பெண்ணைப் பள்ளிதான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஆன்லைனில் ஏற்றுகிறது. மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் எழுத்துத் தேர்வு விடைத்தாளுக்குத்தான். அக மதிப்பெண்ணை அதில் கேட்க வழியில்லை. மதிப்பெண் பட்டியலில் அது தனிக் கட்டத்தில் வரும்போது பார்த்துப் புலம்பிப் பயனில்லை. பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு நாள் வகுப்பாசிரியரைப் பார்த்து, “சார், நாலு தலைப்புலயும் இவனுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிடுங்கள். குறைந்திருந்தால், ஏற்றுவதற்குள் எழுதிக் கொடுக்க நாள் இருக்கும்.