மெக்கானிக்கல் கேமராவும் கெட்டுப்போகும்

"முழுக்க மெக்கானிக்கல், ஆயுசுக்கும் ஓடும்." பழைய லைக்கா ஃபிலிம் கேமரா விற்கிறவர்கள் தவறாமல் எழுதும் வரி இது. இதை நம்பி வாங்கிய இன்னொரு லைக்கா எம்3 இந்த வாரமும் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. தவணைக் கடன் போட்டு, வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். குரோமில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினால் ஷட்டர் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வியூஃபைண்டர் நடுவில் தெரிய வேண்டிய ஃபோகஸ் கட்டம் மங்கி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "அண்ணா, இதுல எலக்ட்ரானிக்ஸே இல்லையே, கெட்டுப்போக என்ன இருக்கு?" என்று கேட்டார். இதே கேள்விக்கு வாயால் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

இந்தக் கேமராக்கள் மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை. எம்3 1954-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் இருந்து வந்தது. அன்று செய்த லென்ஸ் இன்றைய டிஜிட்டல் எம் வரிசைக் கேமராவிலும் பூட்டும். கையால் ஃபோகஸ் செய்து, கையால் ஃபிலிமை நகர்த்தி எடுக்கும் சுகம் தனி. நானும் அதற்கு அடிமைதான். டிஜிட்டல் வந்தபோது சரிந்த விலை, இளைஞர்கள் ஃபிலிமுக்குத் திரும்பியதும் மேலே போனது. 2002-இல் நிறுத்திய எம்6-ஐ அந்த நிறுவனமே 2022-இல் மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 5,295 டாலர். இதையெல்லாம் பார்த்துவிட்டு "வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது.

அவர்கள் காட்டும் உதாரணம் 2022 ஜூன் மாத ஏலம். வெட்ஸ்லரில் ஒரு லைக்கா 1.44 கோடி யூரோவுக்குப் போனது உண்மைதான். அது விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த 0-சீரிஸில் 105-ஆம் எண் கேமரா. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தானே கையில் வைத்துப் படம் எடுத்தது. எம்3 இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாரானது. அந்த ஏலத்துக்கும் நீங்கள் வாங்கும் எம்3-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள். அந்த ரப்பருக்கு வயதாகும், விறைக்கும், விரிசல் விடும். மூடி போடாமல் லென்ஸை வெயிலைப் பார்த்து வைத்தால் சூரிய ஒளி குவிந்து துணியில் ஓட்டை போட்டுவிடும். உள்ளே ஸ்பிரிங், பல்சக்கரம், அவற்றுக்கு எண்ணெயும் கிரீஸும் உண்டு. பரணில் கிடக்கும் தையல் மெஷினில் எண்ணெய் பிசினாகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அதேதான். முதலில் படுப்பது ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்கள். வேகமான பக்கத்தில் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடாமல், படத்தின் ஒரு ஓரம் இருட்டாக விழும். எம்3-இன் ஃபோகஸ் கட்டத்தைக் காட்டும் பிரிசம் ஒட்டுப் பசையால் சேர்த்தது. கேமரா ஒருமுறை விழுந்தாலோ வயதானாலோ ஒட்டு விட்டுக் கட்டம் கறுத்துப்போகும். அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

மெக்கானிக்கல் என்றால் கெட்டுப்போகாது என்று பொருள் இல்லை, கெட்டால் சரிசெய்ய முடியும் என்றுதான் பொருள். அதுவும் உதிரிபாகம் கிடைத்தால், வேலை தெரிந்த கை கிடைத்தால். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் பார்க்காத எம் கேமராவை நான் ஓடும் கேமரா என்றே கணக்கில் எடுப்பதில்லை. "உபயோகிக்கவே இல்லை, பெட்டியிலேயே இருந்தது" என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஓடாத ஷட்டர்தான் சீக்கிரம் இறுகும்.

எம்7 வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் ஷட்டர் எலக்ட்ரானிக். பேட்டரி தீர்ந்தால் 1/60, 1/125 என்று இரண்டே வேகம். பழைய எம்6-இன் மேல்தகடு துத்தநாகக் கலவை, பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் வரும். தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம் அந்தத் தங்கமுலாம் பூசிய, கழுகுச் சின்னம் பொறித்த "உலகப்போர் லைக்கா". வேண்டாம். சோவியத் நாட்டின் ஃபெட், ஜோர்க்கி கேமராக்கள் 1932-இல் வந்த லைக்கா 2-ஐப் பார்த்துச் செய்தவை. அவற்றின் பெயரை அழித்து லைக்கா என்று பொறித்து விற்கிறார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரம் பார்த்து ஃபோகஸ் காட்டும் அமைப்பைத் தள்ளும் முனையில் சின்ன உருளைச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் ஜோர்க்கியிலும் சக்கரம் இருக்காது, கட்டியான உலோக நாக்கு இருக்கும். அரை நிமிட வேலை இது, இதைக்கூடச் செய்யாமல் பணத்தை அனுப்பிவிட்டு அழுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். ஒரு நொடியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள், சக்கரம் ஓடும் சத்தம் இழுக்காமல் சீராக முடிய வேண்டும். வியூஃபைண்டருக்குள் ஃபோனை வைத்து, தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பார்த்து ஃபோகஸ் கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸின் பின்னால் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பூஞ்சை அரித்திருந்தால் நான் பூஞ்சையைத்தான் துடைக்க முடியும், கண்ணாடியில் அது விட்ட தடத்தைத் துடைக்க முடியாது. தயங்குகிற விற்பனையாளரை விட்டு விலகுங்கள். சர்வீஸ் ரசீது கேளுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அதற்குள் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு அவசரமில்லை, இதற்கு இருக்கிறது.

கடன் வாங்காதீர்கள் தம்பிகளே. சர்வீஸுக்கும் ஃபிலிமுக்கும் கையில் காசு மிஞ்சாவிட்டால் அந்த விலை உங்களுக்கான விலை இல்லை. நிக்கான் எஃப்எம்2-வும் கையால் ஃபோகஸ் செய்வதுதான். பேட்டரி அதன் ஒளி அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும், ஷட்டர் 1/4000 வரை போகும், லைக்காவைவிடப் பல மடங்கு மலிவு. ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டும் என்றால் கொசினா செய்த வாய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்2-வைப் பாருங்கள். லைக்கா எம் லென்ஸ்கள் அதிலும் பூட்டும்.

ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தோல் உறையை முதலில் கழற்றுங்கள், கடலோரக் காற்றில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வளர்ப்பது அதுதான். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் பெட்டி ஒன்று வாங்குங்கள். அடுத்த படத்துக்கு இழுத்துத் தயாராக்கிய நிலையில் ஷட்டரை வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். ஒரு நொடி இழுக்க ஆரம்பித்ததும் கொண்டுவந்துவிடுங்கள், நின்ற பிறகு வேண்டாம். யூடியூப் பார்த்து உள்ளே எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த எண்ணெய் துணியில் ஊறினால் ஷட்டர் திரையையே மாற்ற வேண்டிவரும்.