தியரி என்றால் கோட்பாடா? தியாத்லோவ் கணவாயை வைத்து ஒரு சொல் விளக்கம்

"தியாத்லோவ் கணவாய் மரணங்கள்: அதிரவைக்கும் கோட்பாடுகள்" என்கிற மாதிரி ஒரு தலைப்பைத் தமிழில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மரணம் சரி, அதிர்ச்சியும் இருந்துவிட்டுப் போகட்டும், இடிப்பது கோட்பாடுதான். தியரிக்கு அகராதியில் முதலில் கிடைக்கிற சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறோம், அப்புறம் பனிமனிதன் வந்து அடித்தான் என்ற கதையும் சார்பியல் கோட்பாடும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன.

சம்பவம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1959 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரிலிருந்து, இகோர் தியாத்லோவ் என்ற 23 வயது மாணவரின் தலைமையில் பத்துப் பேர் வடக்கு உரால் மலைக்குப் பனிச்சறுக்குப் பயணம் கிளம்பினார்கள். உடம்புக்கு முடியாமல் ஒருவர் பாதியில் திரும்பிவிட்டார். மீதி ஒன்பது பேரும் பிப்ரவரி 1 இரவு ஹோலாத் சியாஹ்ல் மலைச்சரிவில் கூடாரம் போட்டார்கள். தேடப் போனவர்கள் அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்தது பிப்ரவரி 26-இல். அது உள்ளேயிருந்து கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. பூட்ஸ்கூடப் போடாத கால்தடங்கள் காட்டை நோக்கிப் போயின. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் இரண்டு உடல்கள், வழியில் மூன்று, மே மாதம் பனி இளகியபின் ஓடைப்பள்ளத்தில் நான்கு. ஆறு பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள், மூன்று பேருக்கு விலா எலும்போ மண்டையோ உடைந்திருந்தது. இதை வைத்து எத்தனை கதை எழுதலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். தியரியின் மூலம் கிரேக்கத்தின் தெயோரியா. பொருள் 'பார்த்தல்', அவ்வளவுதான். விழாக்களைப் பார்த்து வர ஊர் சார்பில் போகிறவரை அங்கே தெயோரோஸ் என்றார்கள். கண்ணால் பார்ப்பது மனத்தால் பார்ப்பதாகி, பிறகு ஒன்றை முழுமையாக விளக்கும் சிந்தனை அமைப்பு என்று வளர்ந்துவிட்டது. தரிசனம் என்ற சொல் கோயிலிலும் இருக்கிறது, தத்துவத்திலும் இருக்கிறது அல்லவா, அதே பாதை. ஆனால் அன்றாடப் பேச்சில் தியரி என்பது "எனக்கு என்ன தோணுதுன்னா" என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே சொல் உச்சியிலும் அடிவாரத்திலும் நிற்பதால்தான் மொழிபெயர்ப்பவர் வழுக்கி விழுகிறார்.

தமிழில் இந்தக் குழப்பமே தேவையில்லை. கொள் என்ற வினை நீண்டு கோள் ஆகிறது (கெடு, கேடு ஆவதைப் போல). கோள் + பாடு சேர்ந்து கோட்பாடு. அதாவது கொள்ளப்பட்டது. சோதித்து, மோதிப்பார்த்து, போதும் என்று ஏற்றுக்கொண்டது. கருது + கோள் சேர்ந்தால் கருதுகோள். இது இன்னும் ஏற்கப்படவில்லை, இப்படி இருக்கலாம் என்று இப்போதைக்குக் கருதிக்கொண்டது. ஹைப்போதீசிஸுக்கு இதைத்தான் வைத்திருக்கிறோம், அதற்கும் கிரேக்கத்தில் 'அடியில் வைத்தது' என்றே பொருள், மேலே கட்டுவதற்கு முன் போடும் அடித்தளம். கோட்பாடு, கருதுகோள் இரண்டுக்கும் வேர் ஒன்று, நடுவில் இருப்பது சோதனை மட்டும். தியாத்லோவ் விஷயத்தில் கோட்பாடு என்று எதுவுமே இல்லை. நல்ல கருதுகோள்கள் இரண்டு மூன்று தேறும்.

அதில் வலுவானது பனிச்சரிவு. ரொம்ப நாளாக இதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள்: சரிவு 30 டிகிரிகூட இல்லை, தேடப்போனவர்கள் பனி சரிந்த அடையாளத்தைப் பார்க்கவில்லை, எலும்பு உடைந்தவர் எப்படி அவ்வளவு தூரம் போயிருப்பார்? நியாயமான கேள்விகள். 2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் பணியாற்றும் யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூடாரத்துக்குத் தட்டையான இடம் வேண்டும் என்று சரிவை வெட்டியிருக்கிறார்கள், மலையிலிருந்து கீழ்நோக்கி வீசிய காற்று இரவெல்லாம் மேலே பனியைக் கொண்டுவந்து குவித்திருக்கிறது, அடியில் இருந்த வலுவற்ற அடுக்கு தாங்காமல் பல மணி நேரம் கழித்து, பலகைபோல் இறுகிய பனியின் ஒரு சின்னப் பாளம் பெயர்ந்து படுத்திருந்தவர்கள் மேல் விழுந்திருக்கலாம். விலா உடைய அது போதும், உயிர் உடனே போகாது, சின்னச் சரிவு என்பதால் சில வாரங்களில் தடமும் காற்றோடு போய்விடும். இதில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய அடக்கம். புதிரை அவிழ்த்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, 'நடந்திருக்க முடியும்' என்றுதான் சொன்னார்கள். கருதுகோளின் இலக்கணமே அந்த 'முடியும்' தான். செய்தி தமிழுக்கு வரும்போது அது 'நடந்தது' ஆகிவிட்டது.

அடுத்த படி ஊகம். சூறைக்காற்று மலையைச் சுற்றி வீசும்போது காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி எழும்பி எல்லோரையும் பீதியில் ஓடவைத்தது என்பார்கள். ராணுவம் வானில் ஏதோ வெடித்துப் பார்த்தது என்பார்கள். இவை நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் அன்றிரவு அங்கே நடந்ததற்குப் பிடிமானம் இல்லை. சிலருடைய துணியில் கதிரியக்கம் இருந்தது என்று ராணுவக் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டுவார்கள். குழுவில் ஒருவர் அணு ஆலையில் வேலை பார்த்தவர் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.

கோள் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, கோள்மூட்டுவது. அதுவும் இங்கே நடந்தது. அந்த வட்டாரத்தின் பழங்குடியான மான்சி மக்கள் கொன்றிருப்பார்கள் என்று முதலில் அவர்கள்மேல் சந்தேகம் திரும்பியது. வேற்றாள் வந்த தடமே இல்லை என்றதும் அது விழுந்துவிட்டது, ஆனாலும் இன்றுவரை பட்டியல்களில் அதையும் 'ஒரு தியரி' என்று சேர்த்துவிடுகிறார்கள். அது வெறும் பழி. பனிமனிதனுக்கு வதந்தி என்ற சொல் போதும். வடமொழியில் வதந்தி என்றால் 'சொல்கிறார்கள்'. யார் சொன்னது என்று கேட்கக் கூடாது.

ரஷ்யர்கள் இதற்கெல்லாம் தியரி என்று பெரும்பாலும் சொல்வதில்லை என்பது ஒரு வேடிக்கை. அவர்கள் சொல் வெர்சியா. திருப்புதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, புலனாய்வுத் துறையின் சொல். 2019-இல் வழக்கை மறுபடி திறந்தபோது 75 வெர்சியாக்கள் இருப்பதாகவும், அவற்றில் இயற்கை சார்ந்த மூன்றை மட்டும் ஆராயப்போவதாகவும் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. 2020 ஜூலையில் பனிச்சரிவு என்று அறிவித்தார்கள். நம் செய்தித்தாள்கள் "போலீசார் பல கோணங்களில் விசாரணை" என்று தினமும் எழுதுகின்றனவே, அந்தக் கோணம்தான் வெர்சியா. கச்சிதமான சொல் கையில் இருந்தும் நாம் கோட்பாட்டைத் தேடிப் போனோம். சதிக்கோட்பாடு என்பதையும் இதே கணக்கில் சதிக்கதை என்று மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. கொள்ளப்படாத ஒன்றுக்கு எதற்குக் கோட்பாட்டுப் பட்டம்?

1959 மே மாதம் வழக்கை மூடியபோது கோப்பில் எழுதிய காரணம், அவர்களால் வெல்ல முடியாத ஒரு 'ஸ்திஹீனயா சீலா'. இயற்கைச் சக்தி என்று பொதுவாக மொழிபெயர்க்கிறார்கள். ஸ்திஹியா கிரேக்கத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் போன சொல், நிலம் நீர் காற்று நெருப்பு என்ற மூலப்பொருள்களைக் குறிப்பது. நேர்த் தமிழ் வேண்டுமென்றால் பூதம். ஐம்பூதத்தில் வரும் பூதத்தைச் சொன்னார்கள், உலகம் மற்ற பூதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.